பிணியும் துணையும்: உழைச்செல்வார் யார்?

வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவன், நோய் தீர்க்கும் மருத்துவன், மருந்து என மூன்றினை எவரும் எளிதில் எண்ணிவிடுவர். நான்காவதாக அவர் வைத்த 'உழைச்செல்வான்' என்னும் சொல்லே நம்மை நின்று நோக்கச் செய்வதாகும். 'உழை' என்பது பக்கம். நோயாளியின் பக்கத்தே இருந்து, மருந்தினைப் பக்குவம் பிழையாது கொடுத்துப் பேணுபவன் உழைச்செல்வான். இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் இக்குறளை நடத்தி வரும் நாம், இச்சொல்லுக்குப் பொருள் கூறி, நான்கு கூறுகளையும் கரும்பலகையில் எழுதிவிட்டுக் கடந்து செல்வதையே வழக்கமாகக் கொண்டிருந்தோம். அச்சொல்லின் முழுக் கனத்தையும் நாம் உணர்ந்தது, நம் குடும்பத்தில் நேர்ந்த ஓர் இழப்பிற்குப் பின்னரேயாகும்.

நம் சாச்சி ஒருவர் கைம்மை நோற்று, தனித்து வாழ்ந்து வந்தார். ஒரே மகன் வளைகுடா நாட்டில் பணியாற்றுகிறார். சாச்சிக்கு மார்பில் கட்டி ஒன்று தோன்றியது. அதனை அவர் ஒன்பது திங்கள் எவரிடமும் கூறவில்லை. வலி பொறுக்க இயலாத நிலையில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது, நோய் எலும்பு வரை பரவியிருப்பதாக மருத்துவர் தெரிவித்தார். "ஏன் முன்னரே சொல்லவில்லை?" என்று நாம் கேட்டதற்கு அவர் கூறிய விடை இன்னும் நம் செவியில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. "யாருகிட்டச் சொல்றது வாப்பா? மவன் அங்க தனியாக் கிடந்து கஷ்டப்படுறான். அவங்க இருந்திருந்தா என் முகத்தப் பார்த்தே கேட்டிருப்பாங்க" என்றார் அவர்.

சாச்சியின் வீடு நம் வீட்டிலிருந்து இரண்டு தெருக்கள் தள்ளியே இருந்தது. பெருநாள்தோறும் சென்றோம், அவர் ஆக்கி வைத்ததை உண்டோம், ஸலாம் கூறி மீண்டோம். முகத்தைப் பார்த்துக் கேட்கும் உறவாக நாம் இருந்தோமில்லை. உழைச்செல்வான் என்னும் சொல்லுக்கு வகுப்பில் பொருள் கூறிக்கொண்டிருந்தவர் நாமே என்பது நம்மை இன்றும் நாணச் செய்கிறது. அந்த நாணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

எண்கள் கூறும் செய்தி

மணவாழ்வுக்கும் ஆயுளுக்கும் தொடர்புண்டு என்னும் எண்ணம் புதியதன்று. இங்கிலாந்தின் புள்ளியியல் அறிஞர் வில்லியம் பார் என்பார் 1858ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு மக்களின் இறப்புக் கணக்குகளை ஆராய்ந்து, மணமானோர், மணமாகாதோர், துணையை இழந்தோர் என மூவகையாகப் பிரித்து, மணமானோரே நெடிது வாழ்கின்றனர் என எழுதினார். புற்றுநோயில் இத்தொடர்பைத் தெளிவாகக் காட்டிய தொடக்கக்கால ஆய்வுகளுள் ஒன்று, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் நிகழ்ந்தது. 27,779 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 1987இல் வெளியிடப்பட்ட அவ்வாய்வு மூன்று செய்திகளைக் கூறிற்று. மணமாகாதோரிடம் நோய் முற்றிய நிலையிலேயே கண்டறியப்படுகிறது; அவர்களுக்குக் குணப்படுத்தும் சிகிச்சை கிடைப்பது குறைவு; இவ்விரண்டையும் கழித்துக் கணக்கிட்ட பின்னரும் அவர்கள் பிழைத்திருக்கும் காலம் குறைவு.

2013ஆம் ஆண்டில் போஸ்டன் நகர மருத்துவர் குழு ஒன்று இதனினும் பேரளவில் ஆராய்ந்தது. அமெரிக்க அரசின் புற்றுநோய்ப் பதிவேட்டிலிருந்து, 2004 முதல் 2008 வரை நோய் கண்டறியப்பட்ட 7,34,889 பேரின் பதிவுகளை அக்குழு எடுத்துக்கொண்டது. நுரையீரல், பெருங்குடல், மார்பகம், கணையம் உள்ளிட்டு, மிகுதியான உயிர்களைக் கவரும் பத்து வகைப் புற்றுகள் அதில் அடங்கின. வயது, பால், இனம், வருவாய், கல்வி முதலியவற்றை ஈடுசெய்து பார்த்தபோது, மணமானோரிடம் நோய் பிற உறுப்புகளுக்குப் பரவிய பின் கண்டறியப்படும் வாய்ப்பு 17 விழுக்காடு குறைவாக இருந்தது. உரிய முழுச் சிகிச்சை பெறும் வாய்ப்பு 53 விழுக்காடு கூடுதலாக இருந்தது. புற்றுநோயால் இறக்கும் இடர் 20 விழுக்காடு குறைவாக இருந்தது. மார்பகம், பெருங்குடல், உணவுக்குழாய், விந்துசுரப்பி முன்னிலைச் சுரப்பி, தலை கழுத்துப் பகுதி ஆகிய ஐந்து வகைப் புற்றுகளில், மணவாழ்வோடு சேர்ந்து காணப்பட்ட இந்நன்மை, கீமோதெரபி எனப்படும் மருந்துச் சிகிச்சையால் கிடைப்பதாக முன்னைய ஆய்வுகள் கூறிய நன்மையினும் பெரிதாக இருந்தது என்பது வியப்பிற்குரியது. இதனால் மருந்து வேண்டாவென்பது பொருளன்று. மருந்தோடு வைத்து எண்ணத்தக்க பெருமை துணைக்கு உண்டு என்பதே பொருள்.

காக்கையும் பனம்பழமும்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நாம் அறிந்ததே. இரண்டு செய்திகள் ஒருங்கே காணப்படுவதனாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. உடல்நலமும் வருவாயும் உடையோரே மணம் புரிதல் எளிது. ஆதலின் மணமானோர் முன்னரே நலமுடையோராய் இருக்கலாம். அமெரிக்காவில் கணவன் அல்லது மனைவியின் பணி வழியாக மருத்துவக் காப்பீடு கிடைப்பதும் உண்டு. 'செல்வமே காத்தது; மணமன்று' என ஒருவர் வாதிடலாம்.

இவ்வாதத்தைச் சோதிக்கக் கலிபோர்னியாவில் ஏறத்தாழ 7,80,000 நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டு ஓர் ஆய்வு நிகழ்ந்து 2016இல் வெளிவந்தது. மணமாகாத ஆடவர்க்கு இறப்பு வீதம் மணமான ஆடவரைவிட 27 விழுக்காடும், மணமாகாத மகளிர்க்கு மணமான மகளிரைவிட 19 விழுக்காடும் கூடுதலாக இருந்தன. காப்பீட்டையும், வாழும் பகுதியின் செல்வநிலையையும் கணக்கில் சேர்த்த பின்னும் இவ்வேறுபாட்டில் சிறு பகுதியே குறைந்தது. ஆகவே பணம் ஒரு காரணம். பணம் மட்டுமே காரணமன்று. மக்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராரை மணம் புரியச் செய்து, மறு சாராரைத் தடுத்துச் சோதனை நிகழ்த்த எவராலும் இயலாது. ஆதலின் ஐயத்திற்கு இடமற்ற முடிவு இத்துறையில் எளிதன்று என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

துணை செய்வது யாது?

நோயாளியின் வீட்டில் நடப்பதைக் கூர்ந்து நோக்கினால், துணை எவ்வாறு உயிர் காக்கிறது என்பது விளங்கும். முதலாவது, கண்டறிதல். ஆறாத வாய்ப்புண்ணையும், குரல் மாற்றத்தையும், மெலிவையும் நோயாளிக்கு முன்னர்க் காண்பவர் உடன் உறைபவரே. நம் தெருவில் பெட்டிக்கடை நடத்தும் ஒருவர், வெற்றிலை புகையிலைப் பழக்கமுடையவர், கன்னத்தின் உட்புறம் வெண்படலம் படர்ந்தும் பொருட்படுத்தாதிருந்தார். அவர் மனைவியே மூன்று நாள் உணவு சமைக்க மறுத்து அவரை மருத்துவரிடம் அனுப்பி வைத்தார். தொடக்க நிலையிலேயே அறுவை செய்யப்பட்டு, இன்றும் அவர் கடையில் அமர்ந்திருக்கிறார்.

இரண்டாவது, சிகிச்சையை இடைவிடாது முடித்தல். கதிர்வீச்சுச் சிகிச்சை பல புற்றுகளுக்கு வாரத்தில் ஐந்து நாளாக ஐந்து முதல் ஏழு வாரம் வரை நீள்வது. கீமோதெரபி பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று வாரத்திற்கு ஒருமுறை என்று பல திங்கள் தொடர்வது. சிற்றூரிலிருந்து பேருந்தேறி, நகரத்து மருத்துவமனையில் சீட்டுப் பதிந்து, வரிசையில் நின்று, மாலையில் வாந்தியோடு திரும்புதல் தனியொருவர்க்கு எத்தனை நாள் இயலும்? பாதியில் நின்றுபோன சிகிச்சைகள் பலவற்றிற்கு மருந்தின் குறையினும் துணையின் குறையே காரணம் எனக் கருதுகிறோம்.

மூன்றாவது, இடுக்கண் நேரத்து உதவி. கீமோதெரபி ஏற்றிய ஏழு முதல் பதினான்கு நாள் அளவில் குருதியின் வெள்ளணுக்கள் மிகக் குறைந்துவிடும். அப்போது உடல் வெப்பம் 100.4 பாரன்ஹீட்டை எட்டினால், அது உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய காய்ச்சலாகும். விடியட்டும் என்று காத்திருத்தல் உயிருக்கே இறுதியாகலாம். நள்ளிரவில் நெற்றியைத் தொட்டுப் பார்க்க ஒரு கை வேண்டும். அந்தக் கையே உழைச்செல்வானின் கை.

நாணயத்தின் மறுபுறம்

இங்கு ஒரு கேள்வி எழுகிறது. மணம் என்பதே துணையாகிவிடுமா? மேற்கூறியவற்றுள் 2013, 2016ஆம் ஆண்டுகளின் ஆய்வுகள் மணத்தால் ஆடவர் பெறும் நன்மை மகளிர் பெறுவதினும் மிகுதி என்றே காட்டுகின்றன. காரணத்தை நெடிது தேட வேண்டுவதில்லை. கணவன் நோயுற்றால் மனைவி பேணுகிறாள். மனைவி நோயுற்றால் பேணுவது யார்?

2009இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்று இதற்குக் கசப்பான விடை தருகிறது. மூளைக்கட்டி, பிற புற்றுகள், நரம்பு நோய் ஆகியவற்றால் துன்புற்ற, மணமான நோயாளிகள் 515 பேரை மருத்துவர் தொடர்ந்து நோக்கினர். நோயாளி ஆடவராக இருந்த இடத்தில் மணமுறிவு அல்லது பிரிவு 2.9 விழுக்காடே. நோயாளி பெண்ணாக இருந்த இடத்தில் அது 20.8 விழுக்காடு, அஃதாவது ஏழு மடங்கு. அது வேற்று நாட்டுக் கதை என்று நாம் அமைதி கொள்ளலாகாது. நம் நாட்டில் மணமுறிவு குறைவாக இருக்கலாம். ஆயின் நோயுற்ற மனைவியைத் தாய்வீட்டில் விட்டு வருதலும், "சின்னக் கட்டிதானே" என்று மாதங்களைக் கடத்துதலும், கீமோதெரபி முடித்து வந்த மறுநாளே அடுப்படியில் நிற்கச் செய்தலும் நாம் காணாதனவா? பதிவேட்டில் 'மணமானவர்' என்று எழுதப்பட்டும் உழைச்செல்வார் இன்றி இறந்த பெண்டிர் நம் தெருக்களிலும் உளர்.

மற்றொரு தீங்கும் உண்டு. மணமாகாதோர்க்கு ஆதரவில்லை என்னும் முன்முடிவே அவர்க்குரிய சிகிச்சையைக் குறைத்துவிடுகிறதோ என்பதே அது. டெலவேர் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஜோன் டெல்பட்டோரே என்னும் அம்மையார் மணம் புரியாதவர். பித்தப்பைப் புற்று நான்காம் நிலையில் அவரிடம் கண்டறியப்பட்டது. அவர் தனித்து வாழ்பவர் என்றறிந்த மருத்துவர் ஒருவர், பக்கவிளைவுகளைச் சமாளிப்பது அரிது என்று கூறி, வன்மை குறைந்த மருந்தையே பரிந்துரைத்தார். நண்பரும் உற்றாரும் பலர் உளர் என்று அம்மையார் கூறியும் பயனில்லை. அவர் வேறொரு மருத்துவரை நாடி, வன்மை மிக்க சிகிச்சையைப் பெற்றுப் பிழைத்தார். பின்னர் இப்பொருளையே ஆராய்ந்து, 2019இல் புகழ்மிக்க மருத்துவ இதழொன்றில் கட்டுரை எழுதினார். மொழி இலக்கியம் கற்பிப்போர் ஒருவர் மருத்துவ உலகின் முன்முடிவைக் கேள்விக்கு உட்படுத்தியது நம் போன்ற ஆசிரியர்க்கு ஊக்கம் தருவதாகும். 'மணமாகாதோர்க்குச் சிகிச்சை குறைவு' என்னும் எண்ணுக்குப் பின்னால் நோயாளியின் தனிமை எவ்வளவு, மருத்துவரின் முன்முடிவு எவ்வளவு என்று அவர் எழுப்பிய வினா நியாயமானதே.

மணமா, மனிதரா?

அமெரிக்கச் செவிலியர்களிடம் நிகழ்ந்த நீண்டகால ஆய்வில் மார்பகப் புற்றுற்ற 2,835 மகளிரைக் குறித்த முடிவுகள் 2006இல் வெளியாயின. நோய்க்கு முன்னரே உறவும் நட்பும் இன்றித் தனிமைப்பட்டிருந்தோர், உறவு வளம் மிக்கோரைவிட மார்பகப் புற்றால் இறக்கும் இடர் இரு மடங்கிற்கும் மேல். நெருங்கிய சுற்றத்தார், நண்பர், பிள்ளைகள் ஆகியோர் இல்லாமையே இடரை மிகுவித்தது. சமய, சமூகக் கூட்டங்களில் கலந்துகொள்ளுதல் மட்டும் தனியே இறப்பைக் குறைத்ததாகத் தெரியவில்லை என்றும் அவ்வாய்வு கூறிற்று. பள்ளிவாசலில் ஒரே வரிசையில் தோளோடு தோள் நிற்கும் நமக்கு இச்செய்தி சிந்திக்கத் தக்கது. வரிசையில் நிற்பதோடு உறவு முடிந்துவிட்டால், நோயுற்றவன் தனித்தே கிடப்பான். நோயாளியைச் சென்று காணுதலை ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்கு ஆற்ற வேண்டிய கடமைகளுள் ஒன்றாக நம் மார்க்கம் வைத்திருப்பதன் நுட்பம் இதுவே என எண்ணுகிறோம்.

வள்ளுவரும் அந்நான்காம் கூறை 'மனைவி' என்றோ 'மகன்' என்றோ வரையறுக்கவில்லை என்பது நோக்கற்பாலது. இல்லறத்தை அத்துணை விரிவாகப் பாடியவர், மருத்துவத்தைப் பற்றிக் கூறுமிடத்து உறவின் பெயரைச் சுட்டாது செயலின் பெயரையே சுட்டினார். பக்கத்தே செல்பவன் எவனோ அவனே உழைச்செல்வான். ஆகவே இவ்வாய்வுகளைக் காட்டி, "இதற்காகவேனும் மணம் முடித்துக்கொள்" என்று மணமாகாத ஆசிரியையையோ, மறுமணம் வேண்டா என்றிருக்கும் கைம்பெண்ணையோ இடித்துரைப்போர் ஆய்வையும் அறியார், குறளையும் அறியார். மணம் நல்லது, அதனை மறுப்பார் நாமல்லோம். ஆயின் மணமில்லாதார்க்கு உயிர் மலிவன்று.

உறவல்லாதார் உழைச்செல்வாராய் ஆதல் இயலுமா எனின், இயலும் என்பதற்கு அண்டை மாநிலமே சான்று. கோழிக்கோட்டில் 1993இல் மருத்துவர் சிலர் தொடங்கிய வலி தணிப்புப் பணி, சில ஆண்டுகளில் மலப்புரம் முதலிய மாவட்டங்களில் ஊர்மக்களின் பணியாகவே மாறியது. வணிகரும், ஆசிரியரும், இல்லத்தரசியரும், கல்லூரி மாணவரும் சிறு பயிற்சி பெற்று, வாரந்தோறும் நோயாளியின் இல்லம் சென்று புண்ணைத் துடைத்து, மருந்தைச் சரிபார்த்து, குடும்பத்தின் அரிசிக்கும் வழி செய்தனர். பொதுமக்கள் வழங்கிய சிறு நன்கொடைகளும் அப்பணியைத் தாங்கின. 2008இல் கேரள அரசு இதற்கெனக் கொள்கையே வகுத்தது. நம் சென்னையிலும், உடன்பிறந்தாளைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி அவர்களின் துயரமே 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக மலர்ந்தது. 2021இல் மறைந்த டாக்டர் சாந்தா அவர்கள் தம் வாழ்நாளையே அங்குள்ள நோயாளிகளுக்கு ஈந்தார். ஒருவரின் இழப்பு பலருக்குத் துணையாக மாறக்கூடும் என்பதற்கு இவை சான்றுகள்.

செய்யத்தக்கன

இம்மலரைக் கையிலேந்தும் மூவகையார்க்கும் நாம் பணிந்து கூற விழைவன சில உள.

சமுதாயப் பெரியோர்க்கு: ஜமாஅத்தின் ஏட்டில் சந்தா செலுத்துவோர் பட்டியல் இருப்பது போன்று, தனித்து வாழ்வோர் பட்டியலும் இருத்தல் வேண்டும். கைம்பெண்டிர், மணமாகாதோர், மணவிலக்குப் பெற்றோர், பிள்ளைகள் அயல்நாடு சென்றுவிட்ட முதியோர் ஆகியோர் அதில் இடம்பெற வேண்டும். திங்களுக்கு இருமுறை ஒரு பெண் அவ்வில்லங்களின் கதவைத் தட்டி, "உடம்பு எப்படி இருக்கிறது?" என்று முகத்தைப் பார்த்துக் கேட்டால் போதும். நம் சாச்சிக்கு அந்தக் கேள்வி ஒன்பது திங்கள் முன்னர்க் கிடைத்திருக்குமாயின், முடிவு வேறாக இருந்திருக்கலாம்.

இல்லத் தலைவர்க்கு: மனைவியின் கட்டியும், உதிரப்போக்கும் நாணத்தால் மறைக்க வேண்டியன அல்ல. சிகிச்சைக்கு உடன் செல்வது கணவனின் பெருமையைக் குறைப்பதன்று.

மாணவர்க்கு: நாட்டு நலப்பணித் திட்டத்தில் மரம் நடுகிறீர்கள், நன்று. சிகிச்சைக்குத் தனியே செல்லும் ஒருவருக்கு ஒருநாள் உடன் செல்லுங்கள். சீட்டு எடுத்துக் கொடுங்கள். மருத்துவர் கூறுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அச்சிட்ட அறிவுரைத் தாளை நோயாளிக்குப் புரியும் எளிய தமிழில் எழுதித் தாருங்கள். தமிழ் பயின்றதன் பயன்களுள் இதனினும் சிறந்தது ஒன்று உண்டென நாம் கருதவில்லை. மருத்துவம் பயிலும் உங்கள் உடன்பிறப்புகளிடமும் கூறுங்கள்: "மணமாயிற்றா?" என்று கேட்டு நிறுத்திவிடாமல், "உடன் வருபவர் யார்? எவருமில்லையெனில் நாம் யாரை அழைக்கலாம்?" என்று கேட்கச் சொல்லுங்கள்.

இக்கல்வியாண்டில் 'மருந்து' அதிகாரத்தை நடத்திய அன்று, நான்கு கூறுகளையும் வழக்கம்போல் கரும்பலகையில் எழுதினோம். உழைச்செல்வான் என்னும் சொல்லுக்கு வந்ததும், சாச்சியின் கதையைக் கூறினோம். வகுப்பு முடிந்தபின் ஒரு மாணவி தயங்கி நின்று, தன் தெருவில் அத்தகைய மூதாட்டி ஒருவர் உளரென்றும், அன்று மாலையே சென்று பார்ப்பதாகவும் கூறினாள். மறுநாள் வந்து, "பார்த்தேன் ஐயா, நலமாக இருக்கிறார், அடுத்த வாரமும் வரச் சொன்னார்" என்றாள். அக்குறளுக்கு நாம் இதுவரை கண்ட உரைகளுள் அதுவே சிறந்த உரை.